ஆள்காட்டி வளைவு

விடியற்காலை நாலே முக்காலுக்கு
நாகர்கோவிலுக்குத் திரும்பும் தெருவில்
முதலில் பாண் வாசம் வரும்,
பிறகு என் ஓட்டோவின் பாட்டு,
பிறகுதான் நான்.
எனக்கும் முன்னால்
மணல் ரிப்பர்கள் வந்து போயிருக்கும்.

திங்கள் ஒரு கீரி.
செவ்வாய் ஒன்றுமில்லை.
புதன் மழை, தேரைகளை எண்ண முடியாது,
எண்ணாமலே ஓடினேன்.
வெள்ளி, கண்டல் பக்கமிருந்து வந்த நரி,
வாயில் இன்னும் ஒரு மீன் தலை.
அதை ஓரத்துக்கு இழுத்துப் போட்டுவிட்டு
கை கழுவ மறந்து
ஒரு வீட்டுக்கு ரெண்டு றாத்தல் கொடுத்திருக்கிறேன்.
இவ்வளவு நாளும் யாருக்கும் சொல்லவில்லை.

வளைவில் ஒரு பலகை நிற்கிறது,
ஒதுக்கிடம் என்று, மூன்று மொழியில்.
நரிக்கு ஒரு மொழியும் தெரியாது.
ரிப்பர்காரருக்கு மூன்றும் தெரியும்,
எண்பதில் வரும்போது
எழுத்துத்தான் தெரியாது.

கோடு கீறினவர்கள்
எங்கள் இருபத்தாறு வீட்டையும்
உள்ளே வைத்துத்தான் கீறினார்கள்.
வேலி அடைக்க அனுமதி, விறகு பொறுக்க அனுமதி.
எனக்கு அதில் கோபம் இருந்தது.
நரியை இழுத்த அன்று கொஞ்சம் குறைந்தது.
அதுவும் நானும்
ஒரே கோட்டுக்குள்.

மருத்துவமாது எமல்டா
ஸ்கூட்டியை நிறுத்திக் கை காட்டினாள் ஒரு நாள்.
"அண்ணை, பாட்டை நிப்பாட்டுங்கோ."
றோட்டோரச் சல்லிக்குள்
சல்லி மாதிரியே நாலு முட்டை.
தலைக்கு மேல் அந்தப் பறவை
தொண்டை கிழியக் கத்துகிறது.

ஆள்காட்டி.
தலையசைத்து ஆளைக் காட்டியவர்களுக்குப் பயந்து
பேச்சைக் குறைத்த ஊர் இது.
கண்டதைக் காணவில்லை என்று சொல்ல
நன்றாகப் பழகியிருக்கிறோம்.
இது மட்டும் பழகவில்லை.
முகத்தை மூடாமல்,
வருகிற ஒவ்வொரு சில்லையும் பார்த்துக்
கத்துகிறது.

சுண்ணாம்பு அடித்த கல் வைத்தோம்.
கிழிந்த வலையின் மிதப்புகளைக் கோத்து
அமிர்தராசன் ஒரு கயிறு கட்டினான்.
வேகத்தடை கேட்டுப் பிரதேச சபைக்குக் கடிதம்.
இந்த வீதி எங்களுடையதல்ல என்று பதில்.
யாருடையதோ அவர்களுக்கும் எழுதினோம்.
முட்டை காத்துக்கொண்டிருக்கிறது.

டிலக்சன் என்னிடம்
மாலு பணிஸ் வாங்கும் பொடியன்.
"ஆறு நடை ஓடினால்தான் அண்ணை
லீசிங் கட்டலாம்" என்கிறான், மென்றுகொண்டே.
அவனைக் கெட்டவன் என்று சொல்ல முடிந்திருந்தால்
எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

வைகாசியில் ஒரு நாள்
பேக்கரியில் பிந்திவிட்டது, முறுக்கினேன்.
சில்லுக்குக் கீழே ஒரு சத்தம்.
பாண் பெட்டி குலுங்கினது என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
ஆள்காட்டி விடவில்லை.
இறங்கிப் பார்த்தேன்.
பாலாமை. ஓடு பிளந்து,
ஒரு கால் இன்னும்
போகிற பக்கத்துக்கே துழாவியது.
ஓட்டோ தன் பாட்டில் பாடிக்கொண்டிருந்தது.

இப்போது அந்த வளைவில்
றோட்டின் நடுவால் போகிறேன்,
நடக்கிற ஆளின் வேகத்தில்.
பின்னால் ஹோன் அடிக்கிறார்கள்.
அடிக்கட்டும், முந்த அகலம் காணாது.
எனக்குப் பிறகு அமிர்தராசன் மாட்டைச் சாய்ப்பான்.
ரியூசனுக்குப் போகிற பிள்ளைகள்
சோடி சோடியாகச் சைக்கிளில் கதைத்துக்கொண்டு.
யாரும் கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை.
கேட்டால், "வளைவெல்லோ,
மெல்லத்தானே போகோணும்."

நாலில் மூன்று பொரித்தது, எமல்டா சொன்னாள்.
நான் கண்டது இரண்டை.
நெருப்புக்குச்சிக் காலில்
வெள்ளைக் கோடு வரை வந்து
ஒன்று திரும்பி ஓடியது.
மற்றது அப்படியே நின்றது.
எஞ்சினை நிறுத்தினேன்.
பின்னால் ரிப்பரும் நின்றது.
டிலக்சன் தலையை வெளியே நீட்டி,
"என்னண்ணை, பாண் முடிஞ்சுதோ?"

மேலே ஆள்காட்டி
எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துத்தான்
கத்திக்கொண்டிருந்தது.